கோடு முதலா, சமன்பாடு முதலா?

1929-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் இத்தாலிய இயற்பியலர் ஃபிராங்கோ ரசெட்டி, நைட்ரஜன் அடைத்த குழாயில் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, சிதறி வந்த ஒளியைப் படத்தகட்டில் பதிவு செய்தார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் கொல்கத்தாவில் அந்தச் சிதறலைக் கண்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. ரசெட்டியின் தகட்டில் நைட்ரஜன் மூலக்கூறின் சுழற்சிக் கோடுகள் வரிசைகட்டி விழுந்தன. ஒரு கோடு அழுத்தமாக இருந்தால் அடுத்தது மங்கல். அதற்கடுத்தது மறுபடியும் அழுத்தம்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த வால்டர் ஹைட்லரும், அப்போது 24 வயதே ஆன கெர்ஹார்டு ஹெர்ட்ஸ்பெர்க்கும் அந்தத் தகட்டின் செய்தியைப் படித்துவிட்டு ஒரு கணக்குப் போட்டார்கள். இரட்டைப்படைச் சுழற்சி எண் கொண்ட மட்டங்களிலிருந்து எழும் கோடுகள்தான் அழுத்தமாக இருந்தன. அப்படியானால் நைட்ரஜன் அணுக்கரு போஸ் புள்ளியியலுக்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் அன்றைய நம்பிக்கைப்படி அந்த அணுக்கருவுக்குள் 14 புரோட்டான்களும் 7 எலெக்ட்ரான்களும், ஆக 21 துகள்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அரை ஸ்பின் என்பதால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் அவை சேர்ந்தால் ஃபெர்மி புள்ளியியல்தான் வந்தாக வேண்டும். கோடுகளின் அழுத்தம் ஒன்றைச் சொல்ல, அணுக்கருவின் பாடம் வேறொன்றைச் சொன்னது. 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்ட பிறகே 7 புரோட்டான், 7 நியூட்ரான் என்று கணக்கு நேரானது.

இந்த வரலாறு இன்று எம்.எஸ்ஸி. வினாத்தாளில் பெரும்பாலும் ஒரு சிறு கேள்வியாகச் சுருங்கிவிட்டது. நைட்ரஜனின் சுழற்சி ராமன் கோடுகளில் அழுத்தம் மாறி மாறி வருவது ஏன்? அணுக்கரு ஸ்பின் 1 என்பதால் 2:1 என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அலைச் சார்பின் சமச்சீர் என்ற, எவருக்கும் எளிதில் பிடிபடாத கருத்து, ஒரு வாயுவின் ஒளிப்படத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நின்றது என்ற வியப்பு அந்த விடையில் இருக்காது. முதுநிலையில் குவாண்டம் இயக்கவியலையும் மூலக்கூறு நிறமாலையியலையும் எப்படிப் படிப்பது என்ற கேள்வியைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பெரும்பாலான துறைகளில் இவை இரண்டு பேப்பர்கள். ஒரு பருவத்தில் குவாண்டம் பேப்பர் வரும். பெட்டிக்குள் துகள், சீரிசை அலையியற்றி, விறைப்புச் சுழலி, ஹைட்ரஜன் அணு என்று தீர்வு காணக்கூடிய நான்கு கணக்குகளும், பிறகு தோராய முறைகளும் அதில் அடங்கும். வேறொரு பருவத்தில் வேறொரு ஆசிரியர் நடத்தும் நிறமாலையியல் பேப்பரில் மைக்ரோவேவ், அகச்சிவப்பு, ராமன், என்.எம்.ஆர். என்று பட்டியல் நீளும். புத்தகங்களும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன. 1966-இல் வந்த பான்வெல்லின் நூல் கணிதத்தைக் குறைத்து, படங்களைக் கொண்டு நிறமாலையியலைச் சொன்னது. இந்திய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் புரட்டுகிறார்கள். மறுபுறம் ஐரா லெவினின் குவாண்டம் வேதியியலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எம். மாத்யூஸ், வெங்கடேசனோடு சேர்ந்து எழுதிய குவாண்டம் இயக்கவியல் பாடநூலும் கணிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. ஒன்றில் கோடுகள் இருக்கின்றன, மற்றதில் சமன்பாடுகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டிய பொறுப்பு மாணவர் தலையில் விழுகிறது.

வரலாறு எந்த வரிசையில் நடந்தது என்பதில் ஐயமில்லை. பாசல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் யோஹான் பால்மர், ஹைட்ரஜனின் கண்ணுறு கோடுகளுக்கு எண் விதி கண்டது 1885-இல். ஹைசன்பெர்க்கின் குவாண்டம் இயக்கவியல் வர 1925 ஆயிற்று. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் கோடுகள்தான் கோட்பாட்டைத் துரத்தின. மூலக்கூறுகளின் பங்கும் இதில் சிறிதல்ல. ராபர்ட் முல்லிகன் 1924-இல் போரான் மோனாக்சைடின் நிறமாலையில் இரண்டு போரான் ஐசோடோப்புகளின் பட்டைகளை ஒப்பிட்டார். அதிர்வு எண் பூச்சியத்தில் தொடங்கினால் இடப்பெயர்ச்சி பொருந்தவில்லை. அரையில் தொடங்கினால் பொருந்தியது. மிகத் தாழ்ந்த மட்டத்திலும் மூலக்கூறு அதிர்கிறது என்பதற்கு, கோட்பாடு பிறப்பதற்கு ஓராண்டு முன்பே ஒரு மூலக்கூறு சாட்சி சொல்லிவிட்டது.

அதற்காக வரலாற்றின் வரிசையிலேயே பாடம் நடத்த முடியாது. 1913-இலிருந்து 1925 வரையிலான பழைய குவாண்டம் கோட்பாட்டின் ஒட்டுவேலைகளையெல்லாம் மாணவர் கடந்து வரவேண்டியதில்லை. செயலி, ஐகன் மதிப்பு, அணி என்ற கருவிகள் கையில் இல்லாமல் கோடுகளை வெறித்துப் பார்ப்பதிலும் பயனில்லை. ஆனால் கருவிகளைத் தனியே முடித்துவிட்டுக் கோடுகளுக்கு வருவது இன்னும் மோசம். மாதிரி எங்கே உண்மையான கோட்டோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கிறதோ, அங்கேதான் குவாண்டம் இயக்கவியல் மனதில் பதிகிறது. தனித்தனிப் பேப்பர்கள் தவறவிடுவதும் அந்த இடத்தைத்தான்.

ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கொள்ளலாம். வாயு நிரம்பிய ஒரு கண்ணாடிக் கலம், இரு முனையிலும் உப்புச் சாளரம், ஒரு எஃப்.டி.ஐ.ஆர். கருவி. செலவில்லாத சோதனை இது. கல்லூரிகளில் இந்தக் கருவி பெரும்பாலும் கேபிஆர் வில்லைக்குள் வைத்த கரிம மாதிரிகளுக்காகப் பிரிதிறன் 4 செ.மீ.⁻¹ என்ற அமைப்பிலேயே ஓடும். அதை 0.5-க்கு மாற்றி எடுத்தால், 2886 செ.மீ.⁻¹-இல் ஒரு வெற்றிடம் தெரியும். அதன் இருபுறமும் இருபது, இருபத்தொன்று இடைவெளியில் கோடுகள் விரியும். நடுவில் கோடு இல்லாதது தேர்வு விதி: சுழற்சி எண் ஒன்று கூட வேண்டும் அல்லது குறைய வேண்டும், அப்படியே நிற்க வழியில்லை. உயர் அலை எண் பக்கம் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது, மறுபக்கம் விரிகிறது. அதிர்வு கூடினால் பிணைப்பு சற்று நீள்கிறது என்பதற்கு அது சான்று. கோடுகளின் உயரங்களைக் கொண்டு வாயுவின் வெப்பநிலையையே சொல்லிவிடலாம். இதே வழியில்தான் ஆண்ட்ரூ மெக்கெல்லர் 1941-இல் விண்வெளியின் சயனோஜன் கோடுகளிலிருந்து 2.3 கெல்வின் என்று கணக்கிட்டார். அது அண்டம் முழுதும் நிறைந்த பின்புலக் கதிர்வீச்சின் வெப்பம் என்று உலகம் உணர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்தத் தாளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் இரட்டை. உயரமான ஒன்றின் அருகே, இரண்டு செ.மீ.⁻¹ தள்ளி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொன்று. குளோரின்-35, குளோரின்-37. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கறுப்பின இயற்பியலர் எல்மர் ஐம்ஸ் 1919-இல் வெளியிட்ட ஹைட்ரஜன் குளோரைடு அளவீடுகளில் இந்த இரட்டைத் தன்மை தெரிந்தது. ஐசோடோப்புதான் காரணம் என்று லூமிஸும் கிராட்சரும் 1920-இல் தனித்தனியே விளக்கினார்கள்.

இந்தத் தாளில் மாணவர் செய்யக்கூடிய இரண்டு கணக்குகள் முக்கியமானவை. வெற்றிடத்துக்கு வலப்பக்கத்து முதல் கோடு 2906.2, இடப்பக்கத்து இரண்டாம் கோடு 2843.6. இரண்டும் ஒரே மேல்மட்டத்தில் முடிவதால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மேல்மட்டம் அடிபட்டுப்போய்க் கீழ்மட்டம் மட்டும் மிஞ்சும். 62.6-ஐ ஆறால் வகுத்தால் சுழற்சி மாறிலி 10.44, பிணைப்பு நீளம் 1.28 ஆங்ஸ்ட்ராம். அடுத்தது, இரட்டை அதிர்வெண் பட்டை. சீரிசை அலையியற்றியை நம்பினால் அது 5772-இல் இருக்க வேண்டும். இருப்பது 5668-இல். அந்த 104 குறைவுதான் உண்மையான பிணைப்பு ஸ்பிரிங் அல்ல என்பதன் அளவு. அதைத் திருத்திச் சேர்த்தால், குறையற்ற ஸ்பிரிங்காக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் மதிப்பு 2990. இந்த எண் பிறகு வேறொரு இடத்தில் தேவைப்படும்.

கரியமில வாயு இன்னும் ஒரு படி மேலே இழுத்துச் செல்கிறது. அதன் ராமன் நிறமாலையில் சமச்சீர் நீட்சி அதிர்வுக்கு ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் 1285, 1388 என்று இரண்டு வலுவான கோடுகள் நிற்கின்றன. வளைவு அதிர்வு 667. அதன் இருமடங்கு 1334, நீட்சி அதிர்வுக்கு மிக அருகே. இரண்டு நிலைகளும் ஒன்றோடொன்று கலந்து, ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் தள்ளப்படுகின்றன. என்ரிகோ ஃபெர்மி 1931-இல் கண்ட விளக்கம் இது. குவாண்டம் பேப்பரில் இரண்டுக்கு இரண்டு அணியை மூலைவிட்டப்படுத்தும் கணக்கு வரும்போது, பல வகுப்புகளில் எழுத்துகளை வைத்தே அதை முடித்துவிடுகிறார்கள். அந்த எழுத்துகளின் இடத்தில் இந்த எண்களைப் போட்டால் ஒரே மணி நேரத்தில் இரண்டு பேப்பரும் சந்தித்துவிடும்.

கணிதம் பயமுறுத்தும் மாணவருக்கு என்.எம்.ஆர்.தான் நல்ல வாசல் என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டு புரோட்டான்கள், நான்கு நிலைகள். வகையீட்டுச் சமன்பாடோ முடிவற்ற தொடரோ இல்லை. நாலுக்கு நாலு அணி, அதிலும் நடுவில் உள்ள இரண்டு நிலைகள் மட்டுமே கலக்கும். அந்தக் கணக்கு நான்கு கோடுகளின் இடத்தையும் உயரத்தையும் தோராயமின்றித் தந்துவிடும். இரண்டு புரோட்டான்களின் அதிர்வெண்கள் நெருங்க நெருங்க உள்கோடுகள் எழும்பி வெளிக்கோடுகள் தாழ்ந்து, கூரை போன்ற வடிவம் வரும். அதிர்வெண்கள் ஒன்றாகும்போது வெளிக்கோடுகள் மறைந்தே போகும். இதைக் கரிம வேதியியல் மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு துகள்களின் சமச்சீர் நிலையும் எதிர்ச்சமச்சீர் நிலையும் தங்கள் மேசைமீதே கிடக்கின்றன என்று அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

குலக் கோட்பாடு பற்றி ஒரு சொல். பெரும்பாலானோர் அதைக் கேரக்டர் டேபிளை மனப்பாடம் செய்யும் தொழிலாகவே சந்திக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு ஒரு பழைய மரபு உண்டு. ராமனின் மாணவர் எஸ். பகவந்தம், வெங்கடராயுடுவோடு சேர்ந்து இயற்பியல் சிக்கல்களில் குலக் கோட்பாட்டைக் கையாள்வது பற்றி எழுதிய நூலை ஆந்திரப் பல்கலைக்கழகம் 1948-இல் வெளியிட்டது. அந்தக் கோட்பாட்டின் வலிமையைக் காட்ட கார்பன்-60 போதும். அறுபது அணுக்கள், 174 அதிர்வுகள். அவற்றில் வெவ்வேறான அதிர்வெண்கள் 46. கால்பந்து வடிவம் உண்மையென்றால் அவற்றில் நான்கே நான்குதான் அகச்சிவப்பில் தெரிய முடியும். 1985-இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி குழு அந்த வடிவத்தை முன்மொழிந்தபோது பலர் நம்பத் தயங்கினார்கள். 1990-இல் கிரேட்ச்மர், ஹஃப்மன் குழுவின் கரித்தூளில் நான்கு கோடுகள் எழுந்தன. எந்தப் பெரிய கணினிக் கணக்கும் இல்லாமல், சமச்சீர் மட்டுமே சொன்ன எண்ணிக்கை அது.

இப்போது கணினி வந்துவிட்டது. ஜான் பாப்பிளின் குழு 1970-இல் வெளியிட்ட காஸியன் நிரலும், கல்வித்துறையினர் இலவசமாகப் பெறக்கூடிய ஓர்கா போன்றவையும் எந்த மூலக்கூறின் அதிர்வெண்களையும் ஒரு மதிய வேளையில் கொடுத்துவிடும். வெளிவரும் எண்கள் அளவீட்டைவிட நாலைந்து விழுக்காடு கூடுதலாக இருக்கும். உடனே 0.96 என்ற குணகத்தால் பெருக்கி ஆய்வேட்டில் ஒட்டிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. கேட்டால், முன்னால் வந்த ஆய்வேட்டில் அப்படி இருந்தது என்பார்கள். ஹைட்ரஜன் குளோரைடு தாளுக்குத் திரும்பினால் விடை கிடைக்கும். 2886-ஐ 2990-ஆல் வகுத்தால் 0.965. நிரல் கணக்கிடுவது குறையற்ற ஸ்பிரிங்கின் மதிப்பை. கருவி அளப்பது உண்மையான பிணைப்பை. குணகத்தில் முறையின் பிழைகளும் கொஞ்சம் கலந்திருக்கின்றன என்றாலும், பெரும்பங்கு இந்தச் சீரின்மைதான். ஒரு எளிய ஆய்வக வேலையைச் செய்தவர் அந்தப் பெருக்கலைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யமாட்டார்.

கணக்கும் அளவீடும் மோதும்போது எதை நம்புவது? மாணவர்கள் பொதுவாகக் கருவியை நம்பச் சொல்லித்தான் வளர்க்கப்படுகிறார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிரிகை ஆற்றல் பற்றிய வழக்கு அதற்கு நேர்மாறாக முடிந்தது. 1960 வாக்கில் ஹெர்ட்ஸ்பெர்க்கும் மோன்ஃபில்ஸும் ஒட்டாவாவில் அளந்த மதிப்பு 36113.6 செ.மீ.⁻¹, பிழை வரம்பு வெறும் 0.3. போலந்தின் வோட்சிமியர்ஸ் கோவோஸும் லூட்டோஸ்வாவ் வோல்னியேவிச்சும் 1968-இல் கணக்கிட்டு வந்த மதிப்பு 36117.4. ஏறத்தாழ நான்கு அலகு வித்தியாசம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரணமாக இருந்தால் கோட்பாட்டாளர்கள் சிறு பிழை என்று ஒப்புக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆனால் வித்தியாசத்தின் திசை வேடிக்கையானது. முதுநிலை வகுப்பில் எல்லோரும் நிறுவிப் பார்க்கும் மாறுபாட்டுத் தத்துவம் என்ன சொல்கிறது? தோராயமான அலைச் சார்பு தரும் ஆற்றல் உண்மையான தாழ்நிலை ஆற்றலுக்குக் கீழே ஒருபோதும் போகாது. எனவே அந்த வகைக் கணக்கில் கிடைக்கும் பிரிகை ஆற்றல் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம், கூடுதலாக இருக்க முடியாது. இங்கே கணக்கு அளவீட்டைவிடக் கூடுதல். அப்படியானால் தத்துவம் பொய், அல்லது உலகின் தலைசிறந்த நிறமாலையியலரின் அளவீடு பிழை. ஹெர்ட்ஸ்பெர்க் கௌரவம் பார்க்கவில்லை. மீண்டும் அளந்து, 1970-இல் 36116.3-க்கும் 36118.3-க்கும் இடைப்பட்டது என்று வெளியிட்டார். கணக்கு அந்த வரம்புக்குள் விழுந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஒரு திருத்தத்துக்காக அல்ல, வாழ்நாள் பணிக்காக. 2009-இல் சூரிச், ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் லேசர் கொண்டு அளந்த மதிப்பு 36118.0696. அதே ஆண்டு வந்த கோட்பாட்டு மதிப்பு 36118.0695. மாறுபாட்டுத் தத்துவத்தை நிறுவுவதற்குக் கரும்பலகையில் பத்து வரி போதும். அந்தப் பத்து வரி ஒரு பேராய்வகத்தின் முடிவைத் திருத்தியது என்பதைச் சொல்ல மேலும் பத்து நிமிடம் ஆகும்; அதைச் செலவழிக்கும் வகுப்புகள் குறைவு.

தேர்வு முறையும் இதற்கு ஒரு காரணம். நெட், கேட் போன்ற நுழைவாயில்கள் குறுகிய விடையுள்ள கேள்விகளால் ஆனவை. சுழற்சி மாறிலியைக் கொடுத்துப் பிணைப்பு நீளம் கேட்கலாம். இந்தக் கோடு ஏன் எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்று கேட்பது கடினம். நுழைவுத் தேர்வு நோக்கில் படித்தவர் மாதிரிகளில் வல்லவராகிறார், மாதிரி உடையும் இடத்தில் திகைக்கிறார். வசதியின்மையை மட்டும் காரணமாகச் சொல்ல இனி வழியில்லை. ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தின் ஹைட்ரான் தரவுத்தளத்தில் வளிமண்டல மூலக்கூறுகளின் கோடுகள் எண்ணும் அழுத்தமுமாக இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிஸ்டலின் காலின் வெஸ்டர்ன் உருவாக்கிய பிகோஃபர் நிரல் சுழற்சிக் கோடுகளைப் பொருத்திப் பார்க்க உதவுகிறது, அதற்கும் காசில்லை. கருவி இல்லாத கல்லூரியிலும் உண்மையான கோடுகளை வைத்துப் பாடம் நடத்தலாம்.

கருவியையே கட்டியவர்களும் அருகில் இருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இ. அருணன், நுண்துளை வழியே குளிர்ந்து பாயும் வாயுக்களின் சுழற்சிக் கோடுகளை அளக்கும் மைக்ரோவேவ் நிறமாலைமானியை அங்கே உருவாக்கினார். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 2011-இல் ஐயுபேக் அமைப்பு வெளியிட்ட புதிய வரையறையை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பள்ளிப் பாடத்தில் ஃபுளோரின், ஆக்சிஜன், நைட்ரஜன் என்ற மூன்று அணுக்களோடு முடிந்துபோகும் அந்தப் பிணைப்பின் எல்லையை விரித்ததில் இப்படிப்பட்ட கோடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

பாடநூல்கள் எல்லாம் முடிந்த கதைகளையே சொல்வதால், துறையே முடிந்துவிட்டது என்ற எண்ணம் வருவதுண்டு. சி.எச்.5 நேர்மின் அயனியைப் பார்த்தால் அது கலைந்துவிடும். ஒரு கார்பனும் ஐந்து ஹைட்ரஜனும் கொண்ட இந்தச் சிறு அயனியில் புரோட்டான்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒன்றன் இடத்தை மற்றது பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஐந்தையும் இடம் மாற்றும் வழிகள் 120. நிலையான வடிவத்தை வைத்துக் கட்டிய கேரக்டர் டேபிள் இங்கே உதவாது. 1963-இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் வகுத்த இடமாற்றக் குலங்கள் தேவைப்படுகின்றன. சிகாகோவில் தகேஷி ஓகாவின் குழு 1999-இல் இதன் அகச்சிவப்புக் கோடுகள் சுமார் 900-ஐ வெளியிட்டது. எந்தக் கோடு எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு என்று ஒன்றுக்கும் பெயரிட முடியவில்லை. 2015-இல் கொலோன் பல்கலைக்கழகக் குழு அயனியை மிகக் குளிர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்து, ஹைட்ரஜன் குளோரைடுக்குச் செய்த அதே கழித்தல் முறையால் கீழ்மட்ட இடைவெளிகள் சிலவற்றைப் பிரித்தெடுத்தது. அந்த மட்டங்களுக்குச் சூட்ட வேண்டிய குவாண்டம் எண்கள் எவை என்பதில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.